செவுள் அரிசி

1945ஆம் வருஷம் கார்த்திகை மாதம் பத்தொன்பதாம் தேதி, ஓட்டுமேட்டுச் சின்னதுரையின் பெண்டாட்டி பொன்னுத்தாய்க்கு இரண்டு காதுகளுக்கும் பின்னால் செவுள் திறந்தது. இடது பக்கம் நாலு கீறல், வலது பக்கம் மூன்று. ரத்தம் வரவில்லை. அந்த வாரம் அரியலூர்ச் சந்தைக்குக் கம்பு வரத்துக் குறைவு. மண்ணெண்ணெய் இரண்டு வாரமாகவே இல்லை. ஊர் அதிகம் பேசியது மண்ணெண்ணெயைப் பற்றித்தான். பொன்னுத்தாய்க்கு ஏன் இப்படி ஆனது என்று யாரும் கேட்கவில்லை. எதற்காக ஆனது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கு ஒரு பெண் குழந்தை, பெயர் மலர்கொடி, வயது நாலு. மட்டிச் சாறு தவிர எதைக் குடித்தாலும் அந்தக் குழந்தை வாந்தி எடுத்தது. ஆற்றில் மட்டி தீர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவுதான் விஷயம்.

மருதையாறு பெரம்பலூருக்கு மேற்கே மலையில் பிறந்து, அரியலூர்ச் சீமையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போய்க் கொள்ளிடத்தில் விழுகிறது. வருஷத்தில் நாலு மாதம் அது ஆறு, மீதி எட்டு மாதம் மணல். அந்த மணலுக்கு நடுவே எந்தக் கோடையிலும் வற்றாத பள்ளம் ஒன்று இருந்தது. நெட்டமடு என்பார்கள். ஓட்டுமேட்டின் நாற்பது வீடுகளும் மற்றவர் காட்டில் களை பறித்து, மற்றவர் வயலில் நடவு நட்டுப் பிழைத்தவை. கோடையில் காடும் இல்லை, வயலும் இல்லை, மடு இருந்தது. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்று, கால் கட்டைவிரலால் மணலைத் துழாவுவார்கள். மட்டி தட்டுப்பட்டால் விரலிடுக்கில் கவ்வி, முழங்காலை மடித்து, குனியாமலே கைக்கு எடுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள். வாயில் பேச்சு நிற்காது. சதையைத் தின்பார்கள், சாற்றைக் குடிப்பார்கள், ஓட்டை வீட்டோரம் வீசுவார்கள். அப்படி வீசிய ஓடுகள் எத்தனை தலைமுறையாகவோ குவிந்து மேடாகி, அந்த மேட்டின் மேல்தான் ஊரே உட்கார்ந்திருந்தது.

மட்டிக்குக் காலில்லை. ஆறு எதையும் கீழேதான் தள்ளும். அப்படிப் பார்த்தால் மருதையாற்றின் மட்டியெல்லாம் என்றைக்கோ கொள்ளிடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கடலுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் ஆற்றில் மேலே போவது ஒன்று உண்டு, அது மீன். ஓட்டுமேட்டுப் பெண்களுக்கு இது தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, மீன் கழுவியவர்களுக்கு எல்லாம் தெரியும். பக்கத்தில் வரும் கெண்டையின் மேல் தாய்மட்டி வெள்ளையாக எதையோ துப்பும். அது செவுளில் நொய் அரிசி மாதிரி ஒட்டிக்கொள்ளும். கெண்டை அதைச் சுமந்தபடியே எதிர்நீச்சல் போட்டு ஏறும். இருபது நாளில் அரிசி பழுத்துக் கழன்று, விழுந்த இடத்து மணலில் மட்டியாகும். செவுள் அரிசி என்று அதற்குப் பெயர். அதனால் ஐப்பசிப் புதுவெள்ளத்தில் மீன் ஏறும்போது முதல் மூன்று நாள் ஓட்டுமேட்டில் ஒருவரும் வலை தொடமாட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணை வழியில் மறிப்பார்களா? நாலாம் நாள் தொடுவார்கள். அதற்குள் போக வேண்டியவை போயிருக்கும்.

பொன்னுத்தாயும் கீழேயிருந்து மேலே வந்தவள்தான். திருமானூருக்குப் பக்கம் கொள்ளிடக்கரையில் பிறந்து, பதினைந்து வயதில் சின்னதுரைக்கு வாழ்க்கைப்பட்டு ஓட்டுமேட்டுக்கு வந்தாள். 1941 ஆவணியில் மலர்கொடி பிறந்தாள். தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து அந்தக் குழந்தையின் வயிறு கம்பங்கூழை ஏற்கவில்லை, கேழ்வரகுக் கஞ்சியை ஏற்கவில்லை, ஆட்டுப்பாலை ஏற்கவில்லை. மட்டிச் சாறு ஒன்று மட்டும் உள்ளே போய்த் தங்கியது. “மகாராணிக்குக் கூழு எறங்காதாக்கும்” என்று சின்னதுரையின் பெரியம்மா ரத்தினம்மாள் நொடித்தாள். நொடித்துவிட்டுத் தன் மடியிலிருந்து நாலு மட்டியை எடுத்துக் குழந்தையின் பானையில் போட்டாள். மட்டி எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும் இல்லை.

1943இல் சுவர் வந்தது. உலகத்தில் எங்கேயோ சண்டை. ரங்கூன் அரிசி வருவது நின்றுபோயிருந்தது. அதிகமாக விளைவியுங்கள் என்று சர்க்கார் சொன்னது. கீழ்க்கரையில் நூற்றுச் சொச்சம் காணி வைத்திருந்த அய்யம்பெருமாள் விளைவிக்கிறேன் என்றார். ஓட்டுமேட்டுக்கு அரைமைல் கீழே ஆற்றின் குறுக்கே இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் கட்டி, தேங்குகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தன் நிலத்துக்குக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. பாலசுந்தரம் என்று ஓர் ஓவர்சியர் வந்து முளை அடித்தார். கல் சுமந்தவர்கள் ஓட்டுமேட்டு ஆண்கள். சாந்துக்குச் சுண்ணாம்பு வேண்டுமென்றதும் ஓட்டுமேட்டுப் பெண்கள் தாங்கள் குடியிருந்த மேட்டையே வெட்டிக் கூடை கூடையாகக் காளவாய்க்குச் சுமந்தார்கள். கூடைக்கு ஒரு கை கம்பு. மேடு குறையக் குறைய வீடுகள் இறங்கின. புரட்டாசிக்குள் சில வீடுகள் ஒரு முழம் தாழ்ந்திருந்தன. சுவரின் உச்சிக் கல்லை வைத்தது சின்னதுரை. நல்ல வேலைக்காரன், ஒரு கல் பிசகாது. அந்தச் சுவரை ஓட்டுமேடு தன் ஓட்டைக் கொண்டே தன் கையாலேயே கட்டியது. இதை யார் மேலும் பழி போட்டுச் சொல்லவில்லை. கம்பு வேண்டியிருந்தது.

ஐப்பசி பதினோராம் நாள் புதுவெள்ளம் வந்தது. கொள்ளிடத்திலிருந்து கெண்டை ஏறி வந்து சுவரில் முட்டியது. முட்டுகிற சத்தம் உரல் இடிப்பதுபோல ஓட்டுமேடு வரைக்கும் கேட்டது. மூன்று நாளும் இரவும் பகலும் இடித்தது. ஒருவரும் வலை தொடவில்லை, வழக்கம் வழக்கம்தான். நாலாம் நாள் விடிந்ததும் மீன்பிடிக்கும் ஊத்தாவும் பறியும் தூக்கிக்கொண்டு ஊரே சுவருக்குக் கீழே இறங்கியது. தண்ணீரில் கால் வைக்க இடமில்லாமல் மீன்.

பொன்னுத்தாய் கரையில் நின்று கேட்டாள், “அத்தே, மூணு நாளு உடுறது அதுங்க ஏறிப்போவத்தான? இதுங்க எங்க ஏறுச்சு?”

“மூணு நாளு உட்டமா, இல்லியா?” என்றாள் ரத்தினம்மாள்.

“உட்டம்.”

“அப்பறம் என்னாடி? நம்ம கடன் முடிஞ்சுது. ஏறாம நின்னது அதுங்க குத்தம். பேசிக்கிட்டே நிக்காத, பறியப் புடி.”

பொன்னுத்தாய் பறியைப் பிடித்தாள். அவளும் தின்றாள், தின்னவில்லை என்று பிற்பாடு யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம். மூன்று நாள் என்ற எண்ணிக்கையை ஊர் காப்பாற்றியது. எதற்காக மூன்று நாள் என்பதை மென்று விழுங்கியது. பிய்த்துப் போட்ட செவுளெல்லாம் வெள்ளை வெள்ளையாக அரிசி. அவை விழுந்த குப்பைக்குழிகளில் ஒரு மாதம் மட்டி முளைத்தது. வாயைத் திறந்து திறந்து மூடி, தண்ணீர் காணாமல் செத்தது. நாய்கூட முகர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த கோடையில் மடுவில் மட்டி இருந்தது, ஆனால் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிசு. சிறிசு ஒன்றுகூட இல்லை. கல்யாணச் சாவுக்குக் காத்திருக்கும் கிழடுகள் மட்டும் மிஞ்சிய ஊர் மாதிரி இருந்தது மடு. மற்றவர்கள் பெரிசாக இருக்கிறதென்று சந்தோஷப்பட்டார்கள். பொன்னுத்தாய் காலால் மடுவைக் கரைக்குக் கரை துழாவினாள். விரலிடுக்கில் அகப்பட்டதையெல்லாம் எடுத்துக் கண்ணெதிரே வைத்துப் பார்த்தாள். பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழ்க்கரைக்குப் போய், வாய்க்கால் மதகருகே நின்றிருந்த அய்யம்பெருமாளிடம் சுவரில் ஒரு வழி கேட்டாள்.

“எவ்வளவு வழி?” என்றார் அவர்.

“ஒரு மொழம்ங்க. ஒரு கெண்டை பொரண்டு ஏறுற அளவு இருந்தாப் போதும்.”

ஓவர்சியர் பாலசுந்தரம் சிரித்தார். “இன்னிக்கு மீனுக்கு வழி கேப்பா. நாளைக்கு ஆமைக்குப் படிக்கட்டு கேப்பா. தவளைக்கு ரோடு போடணும்பா.”

அய்யம்பெருமாள் சிரிக்கவில்லை. “இந்தா பாரு பொண்ணு, தண்ணிய நிறுத்தத்தான் செவரு. ஓட்டைப் பானையில ஒலை வப்பியா நீ?”

“ஒலை வக்க எங்கிட்ட என்னாங்க இருக்கு?” என்றாள் பொன்னுத்தாய். “மட்டி இல்லாட்டி இது செத்துரும்ங்க.”

“ஒரு கொழந்தைக்காவ ஒரு போகத்த உட முடியுமா? நீயே நெனச்சுப் பாரு.”

அவர் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. நினைத்துப் பார்த்து முடித்துவிட்டவர் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் அதில் கொடுமை. குழந்தை அவருடைய கடிகாரச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன ஐப்பசியில் ஓட்டுமேடு அள்ளியதைப் பார்த்துத்தான் சுவருக்கடியில் மீன் குவியும் என்பதே அய்யம்பெருமாளுக்குத் தெரிந்தது. அந்த ஆவணியில் அவர் அந்தப் பள்ளத்தை மீன் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்காரன், கருப்பண்ணன் என்று ஓர் ஆளைத் தடியோடு காவல் போட்டான். இனி அங்கே துள்ளுகிற கெண்டை ஒவ்வொன்றும் துள்ளும்போதே ஒருவனுக்குச் சொந்தம். 1944 ஐப்பசியில் மறுபடியும் உரல் இடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு இரவு காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்த சின்னதுரை, மூன்றாம் நாள் விடியலில் பானையை எடுத்துக்கொண்டு போனான். நாலு கெண்டையைப் பிடித்துத் தண்ணீரோடு சுமந்து சுவரைச் சுற்றி வந்து மேலே விட வேண்டும். அவ்வளவுதான் அவன் எண்ணம். சப்பாத்திக் கள்ளி வேலியைத் தாண்டுமுன் பிடிபட்டான். புளியமரத்தில் கட்டி அடித்தார்கள். மீனைக் கரையில் கொட்டி, அது சாகும்வரை அவனைப் பார்க்க வைத்தார்கள். “தின்னத் திருடுனாக்கூட மன்னிப்பேன்டா. மேல கொண்டுபோயி உடத் திருடுறானாம்ல!” என்றான் குத்தகைக்காரன். அந்த வார்த்தைக்குக் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஓட்டுமேட்டு ஆட்களும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் மறுநாள் வேலையில்லை. சின்னதுரை அந்த மாதமே ஊரைவிட்டுப் போனான். கண்டிக்கு என்றார்கள், கோலாருக்கு என்றார்கள். கடிதம் வரவில்லை, எழுதத் தெரிந்தவனும் இல்லை.

பொன்னுத்தாய் செய்யாததில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொள்ளிடக்கரையில் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்தாள். அங்கே மட்டி கொள்ளை. காய்ச்சிக் கொடுத்த சாற்றைக் குழந்தை ஆசையாகக் குடித்தது. குடித்த கொஞ்ச நேரத்தில் நிறம் மாறாமல் திருப்பிக் கொடுத்தது. அதன் வயிறு நெட்டமடு மணலில் கிடந்த மட்டியைத்தான் கேட்டது. போனபோது இருந்ததைவிட லேசான குழந்தையோடு திரும்பி வந்தாள். கொள்ளிடத்துப் பெரிய மட்டிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து மடுவில் போட்டாள். அவை வாயே திறக்காமல் பத்து நாளில் நாறின. வளர்ந்த மட்டிக்கு வேற்றூர் மணல் ஒட்டாது. கண் திறக்குமுன்னே கொண்டுவந்து போட்டுவிட வேண்டும், அப்போதுதான் அது இந்த இடத்தைத் தன் இடம் என்று நம்பும். அந்தப் பக்கத்தில் மருமகள்களையும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள்.

1945 கார்த்திகை பதினேழாம் தேதி அவளுக்கு ஒன்று தோன்றியது. குத்தகை மீனுக்கு. பொம்பளைக்கு அல்ல. அன்று உச்சிவேளையில் சுவருக்குக் கீழே இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் போய் நின்றாள்.

கருப்பண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு வந்தான். “ஏய், என்னா பண்ணுற?”

“குளிக்கிறேன்.”

“ஒன் ஊர்ல தண்ணி இல்லியா? செவரு கட்டி நெறையக் கெடக்குல்ல?”

“தண்ணி கெடக்குண்ணே. அதுல உசுருதான் இல்ல.”

“கைய மேல தூக்கு.” தூக்கினாள். மீன் இல்லை. “மடிய அவுத்துக் காட்டுவியா?”

“ஒன் பொண்டாட்டிய இங்க கூட்டியா, காட்டுறேன்.”

அவன் போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். பொன்னுத்தாய் தண்ணீருக்கடியில் விரல்களைக் கெண்டை வால் மாதிரி அசைத்தாள். பெரிய மட்டிகள் கிடக்கும் மணலின் மேல் பாதங்களை மெல்ல ஆட்டினாள். மட்டிகள் ஏமாந்தனவோ, வேறு வழியில்லை என்று தெரிந்தே செய்தனவோ, துப்பின. மூன்று நாள் அப்படி நின்றாள். அரிசி விரலிடுக்கில் ஒட்டியது, நகக்கண்ணில் ஒட்டியது, அக்குளில், இமையின் உள்பக்கம், ஈறில் ஒட்டியது. நெருஞ்சியில் புரண்டதுபோல உடம்பெல்லாம் தினவு. ஆனால் அவற்றுக்கு மூச்சுவிட ஓடுகிற தண்ணீர் வேண்டும், தோலில் அது கிடைக்காது. மூன்றாம் நாள் பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் காதுக்குப் பின்னால் சதை தானாகப் பிரிந்தது. எறும்பு வரிசையாகப் போவதுபோல அரிசியெல்லாம் அங்கே ஏறி உட்கார்ந்துகொண்டன. வலி, முதல் பேறுகாலத்தின் பாதி இருந்ததாகச் சொன்னாள்.

கரையேறி, கள்ளி வேலியைச் சுற்றி, பத்தடிக்கு ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே அரைமைல் நடந்தாள். கருப்பண்ணன் தீப்பந்தத்தைத் தூக்கி அவள் கழுத்தைப் பார்த்தான். “பனிக்காலம், பாத்துப் போ” என்றான். அவள் நெட்டமடுவில் இறங்கிக் கழுத்தளவில் உட்கார்ந்தாள். இருபது நாள் எழுந்திருக்கவில்லை. ரத்தினம்மாள் கூழ் கொண்டுவந்து ஊட்டினாள். “மசக்கைக்காரி மாதிரி ஒக்காந்திருக்கா பாரு. ஆம்பள இல்லாமயே இத்தன ஆயிரம் புள்ள!” என்றாள். மலர்கொடி கரையில் மணலைக் குவித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தபடி இருந்தது. மடுவில் கடைசியாக மிஞ்சிய கிழட்டு மட்டிகளைத்தான் அது அப்போது குடித்துக்கொண்டிருந்தது. இருபதாம் நாள், பால்பல் விழுவதுபோல ஒவ்வொன்றாக அரிசி கழன்று மணலுக்குப் போயிற்று. செவுள் மூடிக்கொண்டது, தழும்பு மட்டும் நின்றது.

மட்டி பானைக்கு வர முழுசாக இரண்டு கோடை தாண்ட வேண்டும். அது பொன்னுத்தாய்க்குத் தெரியும். குழந்தையிடம் அத்தனை நாள் இருக்கிறதா என்பது தெரியாது. 1946இல் மழை பொய்த்தது. மருதையாற்றில் ஈரம் மட்டும் வந்து போயிற்று. மீன் ஏற வெள்ளமில்லை, மறுபடி சுமக்க அரிசியுமில்லை. கிழட்டு மட்டியில் கடைசியானதை அந்த மாசிமகத்தன்று காய்ச்சினாள். 1947 பங்குனியில் மலர்கொடியை முறத்தில் வைத்துத் தூக்கலாம்போல ஆயிற்று. காற்றடித்தால் நகர்ந்தது, வாசலில் உட்கார வைக்கும்போது பாவாடை நுனியில் ஒரு கல்லை முடிந்து வைத்தாள்.

அரியலூர்ப் பக்கத்துக் காடுகளில் உழும்போது கல்லாகிப்போன மட்டி கிளம்பும். கடல் இங்கே இருந்த காலத்துச் சமாசாரம் என்பார்கள். பிள்ளைகள் அதை வைத்து விளையாடும். பொன்னுத்தாய் பருத்திக்காடு பருத்திக்காடாகப் போய் ஒரு கூடை பொறுக்கி வந்தாள். பானையில் போட்டு மூன்று நாள் விடாமல் எரித்தாள். மூன்றாம் நாள் பிற்பகல் கல்மட்டிகள் வாய் திறந்தன. சாறு நீலமாக இருந்தது, உப்புக் கரித்தது. பானைக்குள்ளிருந்து அலைச் சத்தம் வந்தது. தெருவே வந்து நின்று கேட்டது. குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டு, “இது ரொம்பப் பழசும்மா” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வாய்க்கால் இழுத்துக்கொண்டே இருந்ததில், எந்தக் கோடையிலும் வற்றாத நெட்டமடு அந்தச் சித்திரையில் முழங்காலளவுக்கு வந்திருந்தது. அவள் சுமந்து வந்து விட்டவை அங்கே கட்டைவிரல் நகமளவு வளர்ந்து கிடந்தன. இன்னும் ஐந்தாறு மாதம் போனால் பானைக்கு வரும். அதற்கடுத்து அரிசி துப்பும். மடு மறுபடி மடுவாகும். பொன்னுத்தாய் அவற்றைத் தொடாமல் கரையில் குந்தியிருந்தாள்.

“எடுடீ” என்றாள் ரத்தினம்மாள். அந்த ஒரு தடவை அவள் குரலில் நொடிப்பு இல்லை. “வெத நெல்லத் தின்னாத ஊரு எங்க இருக்கு? எடுத்துக் காய்ச்சு.”

எடுத்தாள். கால்விரலுக்கு அகப்படாத அளவு சிறிசு, மண்டியிட்டுக் கையால் அரித்து எடுத்தாள். ஒன்றையும் விடவில்லை. நாற்பது வீட்டில் எத்தனையோ வயிறு அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் கேட்கவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தச் சாறு பதினோரு நாள் வந்தது. பதினோரு நாளும் மலர்கொடி சிரித்தாள், ஒருநாள் எழுந்து நின்றுகூடப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் பொன்னுத்தாய் பானையைக் கழுவிய தண்ணீரைக் கொடுத்தாள். பதினாலாம் நாள் குழந்தை செத்தது. பெருங்காற்று அடித்த நாளாதலால், குழிக்குப் போகும்வரை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒன்பதாம் நாள் கோடைமழை கொட்டியது.

அந்த ஆடி கடைசியில் நாடு விடுதலை அடைந்தது. அய்யம்பெருமாள் சுவரின் மேல் கொடி ஏற்றி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். ஓட்டுமேட்டுக் குழந்தைகள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டன.

ஐப்பசியில் வெள்ளம் வந்து சுவரில் உரல் சத்தம் கேட்டபோது பொன்னுத்தாயின் காதுக்குப் பின்னாலிருந்த தழும்பு தானாகவே பிரிந்தது. எழுந்து போனாள். மூன்று நாள் கீழே நின்றாள், அரிசியோடு ஏறி வந்தாள், மடுவில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை இருபது நாள் கழித்தும் செவுள் மூடவில்லை. வெளியே வந்தால் மூச்சு முட்டியது. வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியதும் ஒன்றுமில்லை. மடுவிலேயே இருந்துவிட்டாள். “இனிமே யாருக்குடி சொமக்குற?” என்று ரத்தினம்மாள் கேட்டதற்கு, “ஒடம்புக்கு வழி தெரிஞ்சுபோச்சு அத்தே, அது போவுது” என்றாள்.

1948இல் குத்தகைக்காரன் வழக்குக் கிளப்பினான். செவுள் இருக்கிறது, வருஷாவருஷம் வெள்ளத்தோடு ஏறுகிறது. எனவே அவள் மீன், எனவே தனக்குப் பாத்தியம் என்றான். அய்யம்பெருமாள் வீட்டு வாசலில் பஞ்சாயத்து நடந்தது. கர்ணம் இருபக்கமும் தலையாட்டினார். கருப்பண்ணன்தான் தடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: “மீனுக்கு நாலு வருசமா நான்தாங்க காவலு. மீனு எதுத்துப் பேசாதுங்க. இது எங்கிட்ட அந்தப் பேச்சுப் பேசிச்சு.” அதை எல்லோரும் ஏற்றார்கள். வலை வீசக் கூடாது, அவளும் மீனைத் தொடக் கூடாது, கள்ளி வேலியோரமாக அவள் நடந்துபோக ஒரு முழ அகலம் விடுவது என்று தீர்ப்பாயிற்று. வேலியோரம் அந்த ஒரு முழத்தை விட்டார்கள். சுவரில் விடவில்லை.

1949 கடைசியில் நெட்டமடுவில் மட்டி பானைக்கு வந்திருந்தது. ஓட்டுமேடு காய்ச்சிக் குடித்தது. கைக்குழந்தைகள் தேறின. ரத்தினம்மாள் முதல் கிண்ணத்தைக் கரைக்குக் கொண்டுவந்து நீட்டினாள். பொன்னுத்தாய் வாங்கவில்லை. கிண்ணம் ஆறும்வரை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டு ரத்தினம்மாள் அதை மணலில் ஊற்றினாள்.

அந்தக் கார்த்திகையில் ஓட்டர் லிஸ்ட் எழுத ஒரு குமாஸ்தா வந்தார். வேப்பந்தட்டைப் பக்கத்து ஆள், பஸ்ஸில் அரியலூர் வந்து, அங்கிருந்து நடந்தே ஊர் ஊராகப் பார்த்து வந்தவர். இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவர் எல்லோரையும் எழுத வேண்டும் என்றார். நாற்பது வீட்டையும் எழுதி முடித்த பிறகு, மடுவில் ஒருத்தி இருக்கிறாள் என்று ரத்தினம்மாள் அழைத்து வந்தாள். குமாஸ்தா கரையில் குத்துக்காலிட்டுத் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டார். பொன்னுத்தாய் கழுத்துவரை எழும்பினாள். காதுக்குப் பின்னால் ஏழு கீறல்களிலும் தண்ணீர் வடிந்தது. அவர் பார்த்தார். தாளில் அதற்கு இடமில்லை.

“வூட்டுக்காரர் பேரும்மா?”

அவள் சொல்லவில்லை. “புருசன் பேர எப்படிங்க சொல்லுவா?” என்றாள் ரத்தினம்மாள். “அவன் போயி அஞ்சு வருசமாச்சு. உசுரோட இருக்கானோ என்னமோ.”

“பொம்பளைங்கள யாரோட சம்சாரம், யாரோட தாயாருன்னுதான் ஊரெல்லாம் எழுதுறாங்க. அவங்க பேர அவங்களே சொல்ல மாட்டேங்கறாங்க. இவங்கள என்னான்னு எழுதட்டும்?”

ரத்தினம்மாள் வாயைத் திறந்தாள். தண்ணீரிலிருந்து பதில் வந்தது.

“மலர்கொடியோட அம்மா.”

குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்தார். “அந்தப் பொண்ணுக்கு என்னா வயசு?”

“எட்டு.”

எட்டு என்றால் பட்டியலில் வராது என்று அவர் தலையாட்டிக்கொண்டார். மலர்கொடியின் தாயார், வயது இருபத்தாறு, வசிப்பிடம் நெட்டமடு என்று எழுதி, ஊதிக் காயவைத்து, ரத்தினம்மாள் இலையில் கட்டிக் கொடுத்த மட்டியை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார். பொன்னுத்தாய் தலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு இருபதாம் நாள், அரிசி கழன்று விழும் நாள். ஆடாமல் இருந்தால்தான் அது ஆழமான மணலில் போய் விழும்.